ஒரு சாண் முடி

அந்த அம்மாள் என் கயிற்றைத் தொடுவதற்காகக் கையை நீட்டியிருந்தார். தொடலாம் என்று பக்கத்துச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். தொடுவதற்கு முன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விவர அட்டையைப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நீட்டிய கையை மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அடுத்த அறைக்குப் போகாமல், வந்த வழியாகவே வெளியே போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அந்தக் கயிற்று வேலையைச் செய்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தூண் ஓரம் பார்வையாளர்களோடு ஒருத்தியாக நின்றிருந்தேன். எண்பதைத் தாண்டிய வயது. நடையில் தள்ளாட்டம் இல்லை. முகத்தில் கோபமோ அருவருப்போ தெரிந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் பைக்குள் போனது. அட்டையின் கடைசி வரியில் இருந்தவை: தென்னை நார்க் கயிறு, பருத்தி நூல், மனித முடி.

ஊர் போலந்தில் இருக்கும் வூச். பருத்தி ஆலைகளால் எழுந்த நகரம். நாம் கோயம்புத்தூரைச் சொல்வதுபோல அதையும் மான்செஸ்டர் என்று சொல்லியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் லுட்விக் கேயர் கட்டிய வெள்ளை ஆலைக்குள் இன்று அந்நாட்டின் மத்திய நெசவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1972இல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்த ஊரில் நெசவுக் கலை விழா நடக்கிறது. நாரையும் நூலையும் வைத்து வேலை செய்கிற எங்களுக்கு அதனால் பழகிய பெயர். என் வேலை தொங்கியது அந்த விழாவில் இல்லை. பழைய ஆலைக் கிட்டங்கி ஒன்றைக் கூடமாக்கி நடத்திய ஒரு சிறிய கண்காட்சி அது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர வீடுகளில் பெண்கள் திரித்த தென்னைக் கயிற்றை வாங்கி, பிரித்து, முடிச்சிட்டு, மறுபடி இணைத்து, கூரையிலிருந்து தரைவரை விழும் ஒரு திரையாகச் செய்திருந்தேன்.

பெட்டி வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு பொருளையும் விளக்கடியில் பரப்பி நிலைக் குறிப்பு எழுதுவது அங்கே வழக்கம். எங்கே நைந்திருக்கிறது, எங்கே கறை, எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று படத்தோடு பதிவார்கள். திருப்பி அனுப்பும்போது அதே குறிப்பை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என் திரையைப் பற்றிய குறிப்பில் இப்படி ஓர் இடம் இருந்தது: இடது ஓரத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கயிற்றின் முறுக்குக்குள் மனித முடி ஒன்று சிக்கியிருக்கிறது, ஒரு முனை வெளியே நீண்டிருக்கிறது, இது படைப்பின் பகுதியா, எடுத்துவிடலாமா?

குனிந்து பார்த்தேன். ஒரு சாண் இருக்கும். வேர்ப் பக்கம் பாதி வெள்ளை, நுனிப் பக்கம் பாதி கறுப்பு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பார்கள். அப்படியானால் உதிர்வதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அது நரைக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த முடி வளர்ந்துகொண்டிருந்தபோதே அவளுக்கு வயதாகியிருக்கிறது. யார் அவள் என்பதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. பல வீடுகளின் கயிறு அதில் கலந்திருந்தது.

ஆனால் அது எப்படி உள்ளே போயிருக்கும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். என் சிறுவயது கயிறு திரிக்கும் ராட்டின் பக்கத்தில் கழிந்தது. எங்கள் வீட்டுக்கும் மணக்குடிக் காயலுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புதான். தேங்காய் மட்டையை, எங்கள் பேச்சில் கதம்பையை, வலையில் கட்டிக் காயலில் அமிழ்த்தி, மேலே சேற்றை ஏற்றி, மாதக் கணக்கில் ஊறப்போடுவார்கள். எடுக்கும் நாளில் கிளம்பும் நாற்றம் ஊர் முழுக்கத் தெரியும்; பள்ளிக்கூடத்தில் வெளியூர் டீச்சர் மூக்கைப் பொத்திக்கொள்வார், எங்களுக்கு அது நாற்றமாகவே தோன்றாது. ஊறிய கதம்பையைக் கட்டையால் அடித்துத் தும்பு எனும் நாரைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி எடுத்தால் பொன்னிறமாக இருக்கும். இப்போது பெரும்பாலும் ஆலைத் தும்புதான் வருகிறது. அதில் அந்த நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

ராட்டைச் சுற்றுவது சிறுவர் வேலை. அம்மாவும் சித்தியும் இடுப்பில் கட்டிய துணியில் தும்பை நிறைத்துக்கொண்டு, ராட்டின் கதிர்களில் நுனியை மாட்டி, பின்னோக்கி நடப்பார்கள். நான் சுற்றச் சுற்ற அவர்கள் கைவிரல்களிலிருந்து இழை முறுக்கேறி நீண்டுகொண்டே போகும். தோப்பின் மறுகோடிவரை பின்னாலேயே நடப்பார்கள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. வேர் எங்கே, பள்ளம் எங்கே, ஆடு கட்டிய முளை எங்கே என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்திருந்தது. பிறகு இரண்டு இழைகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. "பைய சுத்து மக்ளே, எழ அறுந்துரும்" என்று அம்மாவின் குரல் தொலைவிலிருந்து வரும். முகம் தெரியாத அளவுக்குத் தூரத்தில் இருப்பாள். ஆனாலும் அவள் கை தளர்ந்தால், இறுகினால், ராட்டின் கைப்பிடி வழியாக எனக்குத் தெரியும். அம்மாவை நான் அறிந்ததில் பெரும்பகுதி அந்தக் கைப்பிடி வழியாக அறிந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கடற்காற்று எந்நேரமும் அடிக்கும். கொண்டையிலிருந்து பிரிந்த முடி முகத்தில் விழும். இரண்டு கையிலும் தும்பு இருப்பதால் ஒதுக்கிவிட முடியாது, தலையைச் சிலுப்பிக்கொள்வார்கள். அப்போது உதிர்ந்த ஒன்று தும்போடு சேர்ந்து விரலுக்குள் போய், முறுக்குக்குள் போய், கயிறாகிவிடும். அதைக் கவனிப்பவர் யாருமில்லை. எங்கள் பக்கத்துக் கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் எத்தனை தலைகளின் முடி இருக்குமோ.

அதே அம்மா வீட்டுக்குள் ஒரு முடியைப் பொறுக்கமாட்டாள். சோற்றில் கிடந்தால் தட்டோடு கொட்டிவிடுவாள். தலை வாரி முடித்ததும் சீப்பில் தங்கியதை எடுத்துச் சுருட்டி, அதன்மேல் துப்பி, ஓட்டு இடுக்கில் செருகிவைப்பாள். காற்றில் பறந்து யார் காலிலாவது, யார் சாப்பாட்டிலாவது படக்கூடாது. கெட்ட எண்ணம் கொண்டவர் கையிலும் சிக்கக்கூடாது. சேர்ந்த முடியை வாங்க மாதத்துக்கு ஒருவர் வருவார். கொடுத்தால் ஹேர்பின்னோ, சின்ன அலுமினியக் கிண்ணமோ தருவார். அது சவுரிக்குப் போகும் என்றார்கள். அம்மாவின் முடி எந்தப் பெண்ணின் பின்னலில் சேர்ந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அந்தக் கிண்ணத்தில் பொரிகடலை தின்றிருக்கிறேன். தலையில் இருக்கும்வரை அழகு, விழுந்ததும் தீட்டு, விற்றால் பண்டம். முடி இருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் நியாயம் மாறும் என்பது ஏழெட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்த விஷயம். வூச்சில் அந்தக் குறிப்பைப் படித்தபோதும் அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

கலைப்பொருள் பாதுகாப்புப் பணியைக் கவனித்த பெண் இளவயதுக்காரர். என்னிடம் மிகுந்த மரியாதையோடு விளக்கினார். இயற்கை நாரில் செய்த எதையும் கூடத்துக்குள் கொண்டுவரும் முன் மூன்று நாள் மைனஸ் 30 டிகிரிக் குளிரில் வைத்து எடுத்துவிடுவார்கள். முட்டையோ புழுவோ இருந்தால் செத்துவிடும். தென்னை நாரில் அந்துப்பூச்சிக்குச் சாப்பிட ஒன்றுமில்லை. ஆனால் முடியில் இருக்கிறது. கம்பளி, இறகு, பட்டு, முடி ஆகியவற்றின் புரதம்தான் அதன் புழுவுக்கு உணவு. என் திரை முழுவதிலும் அந்தப் பூச்சியை அழைக்கக்கூடிய ஒரே பொருள் அந்த ஒரு சாண் முடிதான் என்றார். பக்கத்து அறையில் பழைய கம்பளி விரிப்புகள் இருந்தன. எடுக்கச் சொன்னால் இடுக்கியால் மெதுவாக உருவி, ஒரு உறையில் போட்டு, என்னிடம் தருவதாகச் சொன்னார். வைத்திருக்கச் சொன்னால் அதையும் பொருட்பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டும் நியாயமான பேச்சு.

வைத்திருங்கள் என்றேன். ஏன் என்று கேட்டால் அந்த நேரத்தில் எனக்கு இருந்த காரணம் ஒன்றுதான். அந்தத் திரையின் அட்டையில் என் பெயர் இருக்கிறது. கயிறு திரித்தவர்களின் பெயர்களை ஓரிடத்தில் எழுதிவைக்க ஏற்பாடு செய்திருந்தேன், உண்மை. ஆனால் பெயர் என்பது காகிதத்தில் இருப்பது. முடி உள்ளே இருப்பது. அவர்களில் ஒருத்தி, நான் கூப்பிடாமலே, என் அனுமதி இல்லாமலே, அந்த வேலைக்குள் வந்திருக்கிறாள். அவளை இடுக்கியால் உருவி எடுத்து உறையில் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் மனதின் அடியில் கிடந்திருக்க வேண்டும். எப்போதோ ஒரு பழைய இதழில் படித்தது. கியோட்டோவில் ஹிகாஷி ஹொங்கன்ஜி என்ற பௌத்தக் கோயில் 1864இல் எரிந்துபோனது. 1880இல் தொடங்கி 1895 வரை அதைத் திரும்பக் கட்டினார்கள். மலையிலிருந்து பெரும் மரங்களை இழுத்து வரும்போது சாதாரணக் கயிறுகள் அறுந்துகொண்டே இருந்தன. நாடெங்கும் இருந்த பக்தைகள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். அதைச் சணலோடு சேர்த்துத் திரித்த கயிறுகள் மரங்களை இழுத்தன. மொத்தம் 53 கயிறுகள் வந்தன. அவற்றில் ஒன்றை இன்றும் கோயிலில் கண்ணாடிக்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதன் நீளம் 69 மீட்டர். படத்தில் அது கறுப்பாக, கனத்து, ஆள் தொடையளவு சுற்றிக் கிடந்ததாக நினைவு. தொடையளவு என்பது என் நினைவின் மிகையாக இருக்கலாம். பழனியிலும் திருப்பதியிலும் முடி இறக்கும் ஊர்க்காரி எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. முடி கொடுக்கக்கூடியது, கொடுத்தவர் பெயர் போனாலும் கொடுத்த பலம் மிஞ்சும். இப்படி ஏதோ ஒன்றை நம்பித்தான் வைத்திருங்கள் என்று சொன்னேன்.

அட்டையில் அந்த வரி ஏறியதும் திரை மாறிவிட்டது. அதுவரை வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், முடிச்சுகளைப் பார்த்தார்கள், நாரை முகர்ந்து பார்த்தார்கள். இப்போது அட்டையைப் படித்துவிட்டுக் குனிந்து தேடினார்கள். எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஒரு பையன் கைப்பேசி விளக்கை அடித்துக் கண்டுபிடித்து மகிழ்ந்தான். மேலிருந்து கீழ்வரை இருந்த அத்தனை உழைப்பும் ஒதுங்கி, முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு முடி அந்த வேலையின் பொருளாகிவிட்டது. அதுவும் எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. திரித்தவள் முன்னால் வந்துவிட்டாள், வரட்டும் என்றே நினைத்தேன்.

அதன் பிறகுதான் அந்த அம்மாள் வந்தார். கை பைக்குள் போனது.

வூச்சில் 1940இல் ஜெர்மானியர் யூதர்களை அடைத்து ஒரு கெட்டோ அமைத்தார்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள். அது வேலை வாங்கும் இடமாக இருந்தது. தையல், நெசவு, தொப்பி, பாய், எல்லாம். கிழக்குப் போர்முனையில் பனியில் நின்ற ஜெர்மன் சிப்பாய்களுக்காக வைக்கோலைப் பின்னிக் காலணி செய்யும் பட்டறைகளும் அங்கே இருந்தன. சிறுபிள்ளைகளும் அதில் பின்னினார்கள். 1944 ஆகஸ்டில் மிஞ்சியிருந்தவர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ரயில் கிளம்பிய ராடெகாஸ்ட் நிலையம் இப்போது நினைவிடம். அந்த அம்மாள் வந்துபோன மறுநாள் அங்கே போனேன். சிறிய மரக் கட்டடம். தண்டவாளத்தில் பழைய சரக்குப் பெட்டிகள் நிற்கின்றன. நீண்ட கான்கிரீட் சுரங்கம் ஒன்றில் அனுப்பப்பட்டவர்களின் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், பெயர், பெயர். எனக்கு அவற்றை உச்சரிக்கத் தெரியவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே நடந்தேன்.

ஆஷ்விட்ஸில் பெண்களின் தலைமுடியை வெட்டி எடுத்தார்கள். ஜெர்மன் ஆலைகள் அதைக் கிலோவுக்கு அரை மார்க் கொடுத்து வாங்கின; நூலாகவும் துணியாகவும் மாற்றின. 1945 ஜனவரியில் முகாம் விடுவிக்கப்பட்டபோது அனுப்பப்படாத முடி ஏழு டன் மூட்டைகளில் கிடந்தது. அதில் ஏறக்குறைய இரண்டு டன் இன்றும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முடியால் நெய்த துணிச் சுருளும் இருக்கிறது. அந்த அறையில் படம் எடுக்கக்கூடாது. நான் அங்கே போனதில்லை. இவை நான் புதிதாக அறிந்துகொண்டவையும் இல்லை. பள்ளியிலும் பிறகும் படித்தவை. என் கயிற்றைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, என் கயிற்றைப் பற்றி உண்மையைச் சொன்னேன். அந்த உண்மை போய்ச் சேர்ந்த இடத்தில் எனக்கு முன்பே வேறொரு உண்மை உட்கார்ந்திருந்தது.

வாஷிங்டனில் 1993இல் இன அழிப்பு நினைவு அருங்காட்சியகம் திறப்பதற்கு முன் நடந்த ஒரு விவாதத்தைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். போலந்திலிருந்து கொஞ்சம் முடி அங்கே வந்தது. காட்சிக்கு வைக்கலாமா என்று பேசினார்கள். உயிர் தப்பி வந்த சிலர் கூடாது என்றார்கள். அது என் அம்மாவின் முடியாக இருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கடைசியில் முடிக்குப் பதிலாக அதன் புகைப்படம் ஒன்றை வைத்தார்கள். அப்போது இதைப் படித்துவிட்டு எனக்குள் ஒரு சிறு மறுப்பு எழுந்தது நினைவிருக்கிறது. உண்மைப் பொருளை மறைத்துப் படத்தை வைப்பதா, பார்ப்பவர் தாங்கத்தானே வேண்டும் என்று தோன்றியது. பொருளின் மேல் நம்பிக்கை வைத்து வாழ்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும். அந்த அம்மாளின் கையைப் பார்த்த பிறகு அந்தப் பக்கத்தை மனதில் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். என் அம்மாவின் முடியாக இருக்கலாம் என்று சொன்னவரிடம் என்ன பதில் சொல்ல முடியும்? இல்லை என்று நிரூபிக்க முடியாது. இருக்கட்டும் என்று கேட்கவும் முடியாது.

ஆனால் இவ்வளவையும் நான் கட்டி எழுப்பியிருப்பது ஒரு கை பைக்குள் போனதன் மேல். அவர் யூதரா, போலந்துக் கத்தோலிக்கரா, அந்த ஊர்க்காரர்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. போர்க்காலத்தில் அவர் சிறு பிள்ளையாக இருந்திருப்பார் என்பதும் முகத்தைப் பார்த்து நானாகப் போட்ட கணக்கு. முடி என்றதும் எங்கள் அம்மாவைப்போல் அவருக்கும் வெறும் தீட்டு உணர்வு வந்திருக்கலாம். கூடத்தில் குளிர் அதிகம், விரல் விறைத்திருக்கலாம். பைக்குள் கைக்குட்டையைத் தேடியிருக்கலாம். பார்த்தது போதும் என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு தேசத்தின் துயரத்தை அதன் ஒவ்வொரு முதியவர் மீதும் ஏற்றிப் பார்ப்பது வெளியிலிருந்து வருகிறவர்கள் செய்யும் காரியம். நம் ஊருக்கு வருகிறவர்கள் நம்மிடம் ஏழ்மையையும் சாமியையும் மட்டும் தேடும்போது எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. அதையே நான் அவருக்குச் செய்துகொண்டிருக்கிறேனோ என்ற எண்ணமும் வருகிறது. அப்படி நினைத்து விட்டுவிடலாம் என்று பார்த்தால், மடங்கிய விரல்களின் வேகம் நினைவுக்கு வருகிறது. குளிருக்குக் கையை ஒளிப்பவர் அவ்வளவு வேகமாக ஒளிப்பதில்லை.

அதே போலந்தில் கயிற்றை வைத்து வேலை செய்த ஒருவரை இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். மக்தலேனா அபகனோவிச். 1930இல் பிறந்தவர். 1943இல் வீட்டுக்குள் புகுந்த சிப்பாய்கள் சுட்டதில் அவருடைய தாய் ஒரு கையை இழந்ததைக் கண்ணால் கண்டவர். 1962இல் லோசான் நகரத்தின் நெசவோவியக் கண்காட்சியில் பழைய கயிறுகளால் நெய்ததை வைத்து எல்லோரையும் நிமிர்ந்து பார்க்கச் செய்தார். துறைமுகங்களில் கழித்துப்போட்ட கப்பல் கயிறுகளைச் சேகரித்து, பிரித்து, கழுவி, சாயமேற்றி, ஆள் உள்ளே நுழைந்து நிற்கும் அளவுக்குப் பெரிய உருவங்களை நெய்தார். குதிரை மயிரையும் சேர்த்திருக்கிறார். அந்தக் கயிறுகளைத் திரித்தவர்கள் யார், அவற்றைப் பிடித்து இழுத்த மாலுமிகள் யார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க அவருக்கும் தெரிந்திருக்காது. இளவயதில் அவருடைய படங்களைப் பார்த்துத்தான் கயிற்றில் கலை செய்ய முடியும் என்ற துணிச்சல் எனக்கு வந்தது. மனித முடி கிடைத்திருந்தால் அந்த மண்ணில் அவர் பயன்படுத்தியிருப்பாரா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அவருக்கு அதைச் செய்ய ஓர் உரிமை இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றுகிறது. உரிமை பிறந்த இடத்திலிருந்து வருவதா என்று அடுத்த கணமே சந்தேகம் வருகிறது.

திரும்பி வந்ததும் கயிறு வாங்கிய வீடுகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னேன், போர், முகாம் எல்லாம் சொல்லவில்லை, முடி இருந்ததையும் அதை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதையும் மட்டும் சொன்னேன். அந்த அக்கா கையில் இருந்த தும்பை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "முடி கெடந்துச்சுன்னா எடுத்துப் போட்டிருக்கலாம்லா. எங்க கயிறு சுத்தமில்லன்னுல்லா நெனச்சிருப்பாவ" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தம். தன் வேலையைப் பற்றிய கௌரவம் உள்ளவரின் வருத்தம். பக்கத்தில் இருந்த பெண் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கொண்டையை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார்.

யாருக்காக அந்த முடியை உள்ளே வைத்தேனோ, அவர் அதை வேண்டாம் என்கிறார். தன்னை யாரும் நினைவுகூர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கயிறு நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். என் காரணம் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் நிற்கிறது. அவர் வெட்கப்படுவதற்காக, வெட்கப்பட வேண்டிய ஒன்று அது என்று நான் ஒப்புக்கொள்ள முடியுமா? பெண்கள் உழைத்த இடத்தில் அவர்களின் உடல் பட்டதன் அடையாளத்தைத் துடைத்து, வழுவழுப்பாக்கி, கண்ணாடிக் கூடத்தில் தொங்கவிடுவதைத்தானே எங்கள் துறை நெடுங்காலம் செய்துவந்தது? அதற்கு எதிராக ஒரு சாண் முடியாவது நிற்கட்டும் என்று நினைப்பதில் பொய் இல்லை. அது அவருக்காக இல்லாமல் என் நம்பிக்கைக்காக நிற்கிறது என்று வேண்டுமானால் திருத்திச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த அம்மாளின் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமா என்றும் யோசிக்கிறேன். இது காற்றில் உதிர்ந்த முடி அம்மா, யாரும் யாரிடமிருந்தும் பறித்தது இல்லை, கடற்கரையில் ஒரு பெண் வேலை செய்யும்போது தானாக விழுந்தது என்று யாரையாவது வைத்து மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மனம் இலேசாகியிருக்குமா? இலேசாவது என் மனமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அவருக்குள் எழுந்தது, எழுந்திருந்தால், என் கயிற்றைப் பற்றியதே இல்லை. என் கயிறு குற்றமற்றது என்று நான் அவரிடம் வாதாடினால், அந்த நேரத்தில் அவர் இருந்த இடத்திலிருந்து அவரை இழுத்து என் கதைக்குள் கொண்டுவருவதாகும். இன்னொரு சமயம், அப்படி நினைப்பது பேசாமல் இருந்ததற்கு நான் தேடிக்கொள்ளும் சமாதானமோ என்றும் தோன்றுகிறது. ஒரு மனிதர் காயப்பட்டு வெளியே போகும்போது பின்னால் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். போய் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச தூரம் கூட நடந்தாலும் போதும்.

இப்போது அந்தத் திரை வேறொரு நாட்டுக்குப் போகும் பேச்சு நடக்கிறது. என்னென்ன பொருளால் ஆனது என்று நிரப்ப ஒரு கட்டம் வந்திருக்கிறது. முடி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எழுதினால், அந்த ஊரில் யாருடைய எந்த நினைவின் மேல் அது போய் விழும் என்று முன்கூட்டி அறிய முடியாது. ஒவ்வொரு ஊரின் துயரத்தையும் படித்துத் தேறிய பிறகுதான் வேலையை அனுப்புவேன் என்றால் எதையும் எங்கும் அனுப்ப முடியாது. எழுதாமல் விட்டால், உள்ளே இருப்பது தெரிந்தும் இல்லை என்று சொல்வதாகும். எடுத்துவிட்டால் அந்த அக்காவுக்கு நிம்மதி, அந்துப்பூச்சிக்கு இடமில்லை, எவர் கையும் மடங்காது. எனக்கு மட்டும் ஒருத்தியை வெளியே அனுப்பியதாக இருக்கும். உண்மையாக இருப்பதும் பிறர் மனதை மதிப்பதும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும் என்று நம்பி இத்தனை காலம் வேலை செய்திருக்கிறேன். அவை பிரிந்து போகும் இடமும் உண்டு என்று இப்போது தெரிகிறது. அங்கே எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. படிவத்தை அனுப்பக் கடைசித் தேதி நெருங்குவதால் ஏதோ ஒன்றை எழுதத்தான் போகிறேன். எழுதிவிட்டேன் என்பதாலேயே அது சரியான பதில் என்று மட்டும் நம்பமாட்டேன்.